சாய சூரிய மின்கலத்தின் செயல்திறனை உயர்த்துவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கல்லூரி, பல்கலைக்கழக ஆய்வகங்களில் டிஎஸ்எஸ்சி எனப்படும் சாய சூரிய மின்கலம் செய்பவர்களிடமிருந்து திரும்பத் திரும்ப வரும் சந்தேகங்களை இங்கே தொகுத்திருக்கிறோம். என்719 ருத்தேனியம் சாயம், டைட்டானியம் டை ஆக்சைடு படலம், அயோடைடு எலக்ட்ரோலைட், பிளாட்டினம் கவுன்ட்டர் மின்முனை ஆகியவை கொண்ட செல்லே அளவுகோல். வேறு வகையைப் பேசும்போது அதைத் தனியாகக் குறிப்பிட்டிருக்கிறோம். மில்லிஆம்பியர் கணக்கு, வேறுவிதமாகச் சொல்லாத இடங்களில், ஒரு சதுர சென்டிமீட்டருக்கு.

இந்த செல் எப்படி வேலை செய்கிறது? சிலிக்கான் பேனல் மாதிரிதானே?

இல்லை. சிலிக்கானில் ஒளியை உறிஞ்சுவதும் மின்னூட்டத்தைக் கடத்துவதும் ஒரே பொருள். இங்கே அந்த வேலைகள் பிரிந்திருக்கின்றன. சாயம் ஒளியை உறிஞ்சி எலக்ட்ரானை டைட்டானியம் டை ஆக்சைடுக்குள் தள்ளுகிறது. அந்த எலக்ட்ரான் 20 நானோமீட்டர் அளவுத் துகள்கள் வழியே கடத்தும் கண்ணாடிக்குப் போய், வெளிச்சுற்றைச் சுற்றி, கவுன்ட்டர் மின்முனைக்கு வருகிறது. எலக்ட்ரானை இழந்த சாயத்துக்கு அயோடைடு அயனி எலக்ட்ரான் கொடுத்து ட்ரைஅயோடைடு ஆகிறது. பிளாட்டினப் பரப்பில் ட்ரைஅயோடைடு எலக்ட்ரானைப் பெற்று மறுபடி அயோடைடு ஆகிறது.

இந்தச் சுற்றின் வேகங்களை மனதில் வைத்துக்கொண்டால் கீழே வரும் பதில்கள் பாதி தாமாகவே புரியும். சாயத்திலிருந்து ஆக்சைடுக்கு எலக்ட்ரான் பாய்வது பிகோவிநாடிகளில் அல்லது அதற்கும் முன்பே முடிந்துவிடும். அயோடைடு சாயத்தைப் பழைய நிலைக்குக் கொண்டுவர மைக்ரோவிநாடிகள் ஆகும். ஆக்சைடில் இருக்கும் எலக்ட்ரான் தவறிப்போய் ட்ரைஅயோடைடில் விழுவதற்கு, அதாவது மறுசேர்க்கைக்கு, மில்லிவிநாடிகள் ஆகும். கடைசியில் சொன்னது மெதுவாக நடப்பதால்தான் இந்த செல்லே வேலை செய்கிறது. 1991இல் லோசானில் பிரையன் ஓ'ரீகனும் மைக்கேல் கிரெட்செலும் 7 சதவீதத்துக்கு மேல் காட்டினார்கள். அதன் பிறகு வந்த முன்னேற்றங்களில் பெரும்பகுதி இந்த மறுசேர்க்கையைத் தள்ளிப்போட்டதால் கிடைத்தது.

செயல்திறன் 3.4 சதவீதம் வருகிறது. இதை வைத்து எங்கே தப்பு என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

அந்த ஒற்றை எண்ணை வைத்துக்கொண்டு எதையும் கண்டுபிடிக்க முடியாது. குறுக்குச்சுற்று மின்னோட்டம், திறந்தசுற்று மின்னழுத்தம், ஃபில் ஃபேக்டர் (அந்த இரண்டின் பெருக்கலில் எத்தனை பங்கு உண்மையில் திறனாகக் கிடைக்கிறது என்ற விகிதம்) ஆகிய மூன்றின் பெருக்கல்தான், சதுர சென்டிமீட்டருக்கு 100 மில்லிவாட் தரும் முழு ஒளியில், அது. நன்றாகச் செய்த என்719 செல்லில் இவை முறையே 16 முதல் 18 மில்லிஆம்பியர், 0.72 முதல் 0.80 வோல்ட், 0.68 முதல் 0.74 வரை இருக்கும். 17, 0.74, 0.68 என்று வந்தால் செயல்திறன் 8.5 சதவீதம். 9, 0.68, 0.55 என்று வந்தால் 3.4.

மூன்றில் எது மற்றவற்றைவிட அதிகமாக விழுந்திருக்கிறது என்று பாருங்கள். மின்னோட்டம் குறைவு என்றால் படலம் மெல்லியது, சாயம் போதவில்லை, எலக்ட்ரோலைட் துளைகளுக்குள் இறங்கவில்லை ஆகிய மூன்றில் ஒன்று. மின்னழுத்தம் குறைவு என்றால் மறுசேர்க்கை, அல்லது எலக்ட்ரோலைட் கலவையில் பிழை. ஃபில் ஃபேக்டர் குறைவு என்றால் கண்ணாடித் தடை, கிளிப் தொடர்பு, பிளாட்டினம், கசிவு. மின்னோட்டம்-மின்னழுத்த வளைகோட்டின் வடிவமும் பேசும். மின்னழுத்த அச்சுக்குப் பக்கத்தில் கோடு சாய்ந்தே விழுந்தால் தொடர்தடை அதிகம். மின்னோட்ட அச்சிலிருந்து கிளம்பும்போதே கோடு சரிந்தால் எங்கோ மின்னோட்டம் கசிகிறது.

சாயத்தை மாற்றினால் சட்டென்று ஏறிவிடும் இல்லையா?

பெரும்பாலும் ஏறாது. என்719 வைத்து 3 சதவீதம் எடுக்கும் ஆய்வகம், அதைவிட விலை கூடிய சாயம் வாங்கினாலும் 3 சதவீதத்துக்குப் பக்கத்திலேயே நிற்கும். காரணம், குறை சாயத்தில் இல்லை. படலத்திலும் சீலிங்கிலும் அளவீட்டிலும் இருக்கிறது. என்719இல் 7 சதவீதத்தை நான்கு செல்களிலாவது ஒரேமாதிரி எடுத்த பிறகுதான் புதுச் சாயத்தைத் தொட வேண்டும் என்பது எங்கள் கருத்து. அதற்கு முன்பு எடுத்த ஒப்பீடு எதையும் நிரூபிக்காது.

படலம் எத்தனை மைக்ரான் இருக்கணும்? கெட்டியா போட்டா சாயம் நிறைய ஏறுமே?

ஏறும். ஆனால் மறுசேர்க்கை நடக்கும் பரப்பும் கூடவே ஏறும். எலக்ட்ரான் நடக்க வேண்டிய தூரமும் கூடும். என்719க்கு 20 நானோமீட்டர் துகள் கொண்ட ஒளிபுகும் அடுக்கு 10 முதல் 14 மைக்ரான், அதன்மேல் 400 நானோமீட்டர் துகள் கொண்ட சிதறல் அடுக்கு 4 முதல் 5 மைக்ரான் என்பது நன்கு சோதிக்கப்பட்ட அளவு. சிதறல் அடுக்கு, சாயத்தில் படாமல் தப்பிய சிவப்பு ஒளியைத் திருப்பி அனுப்புகிறது. 600 நானோமீட்டருக்கு மேல் என்719 பலவீனமாகத்தான் உறிஞ்சும் என்பதால் அந்தப் பகுதியில்தான் இதன் பலன் தெரியும்.

பேஸ்டைக் கண்ணாடித் தண்டால் இழுத்துப் பரப்பும் டாக்டர் பிளேடு முறையில், ஓரத்தில் ஒட்டும் ஒரு அடுக்கு ஒட்டுநாடாவின் உயரம் ஏறக்குறைய 50 முதல் 60 மைக்ரான். பேஸ்ட் உலர்ந்து சுட்ட பிறகு அது 6 முதல் 10 மைக்ரானாகச் சுருங்கும். பேஸ்டில் ஆக்சைடு எத்தனை சதவீதம் என்பதைப் பொறுத்தது. இரண்டு அடுக்கு நாடா ஒட்டி ஒரே இழுப்பில் கெட்டியாகப் போடாதீர்கள். ஒரு அடுக்கு போட்டு, எத்தனால் ஆவி உள்ள மூடிய பெட்டியில் 3 நிமிடம் வைத்தால் கோடுகள் சமமாகும். பிறகு 125 டிகிரி செல்சியஸில் 6 நிமிடம் உலர்த்தி அடுத்த அடுக்கைப் போடுங்கள். ஸ்க்ரீன் பிரின்டிங்குக்கும் இதே கணக்குதான். தடிமனை ப்ரொஃபைலோமீட்டரில் (பரப்பின் மேடுபள்ளத்தை அளக்கும் கருவியில்) அளக்காமல் நாடா எண்ணிக்கையை மட்டும் எழுதிவைப்பது பிற்பாடு யாருக்கும் உதவாது.

சுட்டு எடுத்ததும் படலம் செதில் செதிலா உரிஞ்சு வருது. சில நேரம் பழுப்பா இருக்கு. ஏன்?

உரிவதற்கு மூன்று காரணங்கள். கண்ணாடியில் எண்ணெய்ப் பசை, ஒரே அடுக்கில் அதிகத் தடிமன், வெப்பத்தை வேகமாக ஏற்றுவது. கண்ணாடியை டிடர்ஜென்ட் கரைசலில் 15 நிமிடம் அல்ட்ராசானிக் குளியலில் வைத்து, தண்ணீரிலும் எத்தனாலிலும் அலசி, வசதி இருந்தால் 15 முதல் 20 நிமிடம் யுவி ஓசோனில் வையுங்கள். அதன்பின் வெறும் விரல் படக்கூடாது. சுடும் அட்டவணை: 325 டிகிரியில் 5 நிமிடம், 375இல் 5 நிமிடம், 450இல் 15 நிமிடம், 500இல் 15 நிமிடம். காற்று ஓட்டம் இருக்க வேண்டும்.

பழுப்பு என்பது பேஸ்டைக் கெட்டியாக்கச் சேர்த்து, எரிந்து முடியாமல் நிற்கும் எத்தில் செல்லுலோஸ். சுடும்போது கவனித்தால் வெள்ளைப் படலம் முதலில் தேன் நிறத்துக்குப் போய், கருத்து, பிறகு ஓரத்திலிருந்து உள்நோக்கி மறுபடி வெளுக்கும். நடுவில் ஒரு பழுப்புத் திட்டு நிற்கும்போதே எடுத்துவிட்டால் துளைகளில் கார்பன் தங்கி, சாயம் அந்த இடத்தில் ஏறாது. ஹாட்பிளேட்டில் சுடுபவர்கள் திரையில் காட்டும் 500ஐ நம்ப வேண்டாம். கண்ணாடியின் மேற்பரப்பு அதைவிடக் குறைவாகவே இருக்கும். ஒரு தெர்மோகப்பிளை மேலே வைத்துச் சரிபாருங்கள்.

ஐடிஓ (இண்டியம் டின் ஆக்சைடு பூசிய) கண்ணாடி கையில் இருக்கிறது, அதையே பயன்படுத்தலாமா என்று கேட்பவர்களுக்கு: வேண்டாம். 450 டிகிரிக்கு மேல் காற்றில் சுட்டால் ஐடிஓவின் தடை பலமடங்கு ஏறிவிடும். எஃப்டிஓ (ஃப்ளோரின் கலந்த டின் ஆக்சைடு பூசிய கண்ணாடி) தாங்கும்.

டைட்டானியம் டெட்ராகுளோரைடு ட்ரீட்மென்ட் கட்டாயமா? ஆபத்தானது என்கிறார்களே.

விலைக்கும் உழைப்புக்கும் இதைவிட அதிகப் பலன் தரும் படி வேறு இல்லை. துகள்களின் மேல் மெல்லிய புது ஆக்சைடு படிந்து, துகளுக்குத் துகள் தொடர்பு இறுகி, மின்னோட்டம் கண்ணுக்குத் தெரியும்படி ஏறும். அளவு 40 மில்லிமோலார் நீர்க் கரைசல், 70 டிகிரி, 30 நிமிடம். பேஸ்ட் போடுவதற்கு முன் கண்ணாடிக்கு ஒருமுறை, சுட்ட படலத்துக்கு ஒருமுறை. பிறகு தண்ணீரிலும் எத்தனாலிலும் அலசி, 500 டிகிரியில் 30 நிமிடம் மறுபடி சுட வேண்டும்.

ஆபத்து உண்மைதான். தூய திரவம் ஈரக்காற்றில் பட்டதுமே ஹைட்ரஜன் குளோரைடு புகை கக்கும். புகைக்கூண்டுக்குள், முகக்கவசமும் கையுறையும் போட்டு, பனிக்கட்டிக் குளியலில் வைத்த தண்ணீரில் திரவத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு, முதலில் 2 மோலார் ஸ்டாக் தயாரிக்க வேண்டும். திரவத்தின்மேல் தண்ணீரை ஊற்றவே கூடாது. அந்த ஸ்டாக்கில் 2 மில்லியை 98 மில்லி குளிர்ந்த தண்ணீரில் கலந்தால் 40 மில்லிமோலார் கிடைக்கும். ஸ்டாக் தெளிவாக இருக்க வேண்டும். பால்போல் வெளுத்திருந்தால் ஆக்சைடு ஏற்கெனவே வீழ்படிந்துவிட்டது. கொட்டிவிட்டுப் புதிதாகச் செய்யுங்கள். 70 டிகிரி குளியலிலும் அரைமணிக்கு மேல் விட்டால் வெள்ளைத் தூள் படிந்து துளைகளை அடைக்கும்.

சாயத்தில் எவ்வளவு நேரம் ஊறணும்? மூணு நாள் வச்சா இன்னும் நல்லா ஏறுமா?

0.5 மில்லிமோலார் என்719, அசிட்டோநைட்ரைலும் டெர்ட்-பியூட்டனாலும் சமபங்கு கலந்த கரைசலில், அறை வெப்பத்தில், இருட்டில், 20 முதல் 24 மணி நேரம். 20 மில்லி கரைசலுக்குச் சுமார் 12 மில்லிகிராம் சாயம். மூன்று நாள் வைத்தால் முதல் அடுக்கின்மேல் மூலக்கூறுகள் குவியலாக ஒட்டும். படலம் கறுப்பாகத் தெரியும், மின்னோட்டம் இறங்கும். ஆக்சைடை நேரடியாகத் தொடாத சாயம் ஒளியைத் தின்னுமே தவிர எலக்ட்ரான் தராது.

எல்லோரும் கோட்டைவிடும் இடம் ஈரப்பதம். சுட்ட படலம் திறந்த காற்றில் ஒரு மணி நேரம் கிடந்தால் போதும், துளைச் சுவரெல்லாம் நீர் ஒட்டிக்கொள்ளும். சென்னை, கொழும்பு போன்ற கடலோர ஊர்களின் காற்றில் இது இன்னும் மோசம். சுட்டபின் படலம் 80 டிகிரிக்கு ஆறும்போதே சாயத்தில் இறக்குங்கள். முந்தைய நாள் சுட்டதென்றால் மறுபடி சூடாக்கிவிட்டு இறக்குங்கள்.

எவ்வளவு ஏறியிருக்கிறது என்று அறிய, படலத்தை 0.1 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடு கரைசலில் போட்டால் சாயம் கழன்று வரும். அதன் உறிஞ்சலை ஸ்பெக்ட்ரோமீட்டரில் அளக்கலாம். உலோகம் இல்லாத கரிமச் சாயங்கள் குவிவதில் இன்னும் மோசம். அவற்றுக்குக் கீனோடிஆக்சிகோலிக் அமிலத்தைச் சாயத்தைப்போலப் பத்து மடங்கும் அதற்கு மேலும் சேர்ப்பார்கள். சாயம் ஏறும் அளவு குறையும், ஆனால் மின்னழுத்தமும் பலநேரம் மின்னோட்டமும் கூடும்.

நாவல்பழம், செம்பருத்தி, பீட்ரூட் சாறு வச்சு 5 சதவீதம் எடுக்க முடியுமா?

முடியாது என்றே வைத்துக்கொள்ளுங்கள். நாவல்பழத்திலும் செம்பருத்தியிலும் உள்ள ஆந்தோசயனின் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் ஹைட்ராக்சில் குழுக்களால் டைட்டானியத்தைப் பிடித்துக்கொள்ளும். அதனால் செல் வேலை செய்யும். ஆனால் அது உறிஞ்சுவது 520 முதல் 550 நானோமீட்டரைச் சுற்றிய குறுகிய பட்டையை மட்டுமே. சாற்றில் உள்ள சர்க்கரையும் மற்ற அமிலங்களும் அதே இடங்களுக்குப் போட்டியிடும். மின்னோட்டம் ஒன்றிரண்டு மில்லிஆம்பியர், செயல்திறன் பெரும்பாலும் 1 சதவீதத்துக்குக் கீழே. பாடம் நடத்தவும் செயல்விளக்கம் காட்டவும் அருமையான பொருள். செயல்திறன் ஆராய்ச்சிக்கு அல்ல.

எடுத்தே தீருவேன் என்பவர்கள் சாற்றை அமில எத்தனாலில் எடுத்து வடிகட்டுங்கள். எலக்ட்ரோலைட்டில் லித்தியம் அயோடைடு இருக்கட்டும், டெர்ட்-பியூட்டைல்பிரிடினை விட்டுவிடுங்கள். காரணம் எலக்ட்ரோலைட் பற்றிய அடுத்த பதிலில் இருக்கிறது. பூ நிறமிகளை ஒதுக்கிப் பேசியதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். கண்டியில் உள்ள அடிப்படை ஆய்வு நிறுவனத்தில் கீர்த்தி தென்னகோன் குழுவினர் 1990களில் சயனிடின் நிறமியை விரிவாக ஆராய்ந்தார்கள். திரவத்துக்குப் பதில் காப்பர் அயோடைடை நிரப்பிய திடநிலை செல்லை 1995இலேயே அவர்கள் வெளியிட்டுவிட்டார்கள்.

எலக்ட்ரோலைட்டில் லித்தியம் போடு என்கிறார் ஒருவர், டிபிபி போடு என்கிறார் இன்னொருவர். எது சரி?

இரண்டும் எதிரெதிர் வேலை செய்பவை. லித்தியம் அயனி ஆக்சைடின் பரப்பில் ஒட்டிக் கடத்துபட்டையை (ஆக்சைடில் எலக்ட்ரான் இருக்கும் ஆற்றல் மட்டத்தை) கீழே இறக்கும். சாயத்திலிருந்து எலக்ட்ரான் பாய்வது எளிதாகும், மின்னோட்டம் கூடும், மின்னழுத்தம் இறங்கும். டிபிபி என்று சுருக்கமாகச் சொல்லப்படும் டெர்ட்-பியூட்டைல்பிரிடின் பட்டையை மேலே ஏற்றி, மறுசேர்க்கையையும் குறைக்கும். மின்னழுத்தம் கூடும், அளவு மீறினால் மின்னோட்டம் இறங்கும். பழச்சாற்று செல்லில் ஏற்கெனவே எலக்ட்ரான் பாய்வு பலவீனம் என்பதால்தான் டிபிபி வேண்டாம் என்றோம்.

என்719க்கு ஆரம்பிக்க நல்ல கலவை: அசிட்டோநைட்ரைலும் வேலரோநைட்ரைலும் 85க்கு 15 என்ற கன அளவில் கலந்த கரைப்பான். மொத்தம் 10 மில்லி வருமாறு அதில் பியூட்டைல்மீதைல்இமிடசோலியம் அயோடைடு 1.6 கிராம், அயோடின் 76 மில்லிகிராம், குவானிடினியம் தயோசயனேட் 118 மில்லிகிராம், டிபிபி 0.73 மில்லி. முறையே 0.6, 0.03, 0.1, 0.5 மோலார். இதை மாற்ற விரும்பினால் ஒரு நேரத்தில் ஒரு பொருளை மட்டும் மாற்றுங்கள்.

அயோடினைக் கூட்டினால் நல்லது என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. 0.03 மோலாரை 0.1 ஆக்கினால் ட்ரைஅயோடைடு அதிகமாகி நீல ஒளியைத் தானே விழுங்கும், மறுசேர்க்கையும் கூடும். அயோடினைக் கூட்ட வேண்டியது எலக்ட்ரோலைட் பிசுபிசுப்பாக இருந்து அயனிகள் நகர முடியாதபோதுதான். அதைச் சோதிப்பது சுலபம். பத்தில் ஒரு பங்கு ஒளியிலும் முழு ஒளியிலும் மின்னோட்டத்தை அளங்கள். முழு ஒளியில் பத்து மடங்கு வராமல் ஏழு எட்டு மடங்கில் நின்றால் அயனி நகர்வுதான் முட்டுக்கட்டை.

மின்னழுத்தம் 0.6 வோல்ட்டைத் தாண்டவே மாட்டேங்குது. பிளாக்கிங் லேயர் போட்டா சரியாகுமா?

பிளாக்கிங் லேயர் என்பது எஃப்டிஓவை எலக்ட்ரோலைட் தொடாமல் மூடும் மெல்லிய, அடர்த்தியான ஆக்சைடு அடுக்கு. அயோடைடு செல்லில், முழு வெயிலில், அது தரும் பலன் சிறிதுதான். வெறும் எஃப்டிஓ பரப்பிலிருந்து ட்ரைஅயோடைடுக்கு எலக்ட்ரான் போவது இயல்பாகவே மெதுவானது. மேலே சொன்ன டெட்ராகுளோரைடு முன்குளியலே போதும். ஆகவே முதலில் டிபிபி புதிதா, சரியான அளவா என்று பாருங்கள். அடுத்து, படலம் முழுக்கச் சாயம் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். சாயம் இல்லாத திட்டு, மறுசேர்க்கைக்குத் திறந்த வாசல். செல் அளக்கும்போது சூடாகியிருந்தாலும் மின்னழுத்தம் இறங்கும். விளக்கின் கீழே 10 நிமிடம் கிடந்த செல்லை அளந்துவிட்டு வேதியியலைக் குறை சொல்லக் கூடாது.

கோபால்ட், காப்பர், திடநிலை செல் என்றால் கதை வேறு. அங்கே எஃப்டிஓவிலிருந்து நேரடி இழப்பு வேகமாக நடக்கும். பிளாக்கிங் லேயர் இல்லாமல் செல் எழவே எழாது. டைட்டானியம் டைஐசோப்ரோப்பாக்சைடு பிஸ் அசிட்டைல்அசிட்டோனேட்டை எத்தனாலில் கரைத்து, 450 டிகிரிச் சூட்டில் உள்ள கண்ணாடியின்மேல் சில விநாடி இடைவெளி விட்டு விட்டுத் தெளிப்பது வழக்கமான முறை. சில பத்து நானோமீட்டர் போதும். அதிகமானால் தொடர்தடையாக மாறும்.

கவுன்ட்டர் மின்முனைக்குப் பென்சில் தேய்த்தாலே போதும் என்று வீடியோவில் காட்டுகிறார்களே?

விளக்கு எரிகிறதா என்று காட்ட அது போதும். 15 மில்லிஆம்பியர் ஓட வேண்டிய செல்லில் பென்சில் கிராஃபைட்டின் வினைப்பரப்பு போதாது, ஃபில் ஃபேக்டர் சரியும். 5 மில்லிமோலார் குளோரோபிளாட்டினிக் அமிலம் ஐசோப்ரோப்பனாலில். அதாவது 10 மில்லிக்கு ஹெக்சாஹைட்ரேட் 26 மில்லிகிராம். சதுர சென்டிமீட்டருக்கு ஒன்றிரண்டு சொட்டு பரப்பி, 400 டிகிரியில் 15 நிமிடம். படிவது கண்ணுக்குத் தெரியாத அளவு. கண்ணாடி தெளிவாகவே இருக்கும். கார்பன்தான் வேண்டும் என்றால் கார்பன் பிளாக்கும் கிராஃபைட்டும் கலந்த பேஸ்டைப் பல மைக்ரான் தடிமனுக்குப் பூசினால் பிளாட்டினத்துக்கு அருகில் வரும்.

சின்ன செல்லில் 7 சதவீதம். அதையே 2 சென்டிமீட்டர் சதுரமாகச் செய்தால் 2 கூட வரவில்லை. என்ன மாயம்?

ஓம் விதிதான். பரப்புத் தடை சதுரத்துக்கு 15 ஓம் கொண்ட கண்ணாடியில், ஒரு விளிம்பில் மட்டும் கிளிப் மாட்டிய சதுர செல்லுக்கு ஒரு தட்டின் பயனுறு தடை சுமார் 5 ஓம், இரண்டு தட்டுக்கும் சேர்த்து 10. சதுரம் சின்னதோ பெரியதோ இந்தத் தடை மாறாது. ஆனால் மின்னோட்டம் மாறும். அரை சென்டிமீட்டர் சதுரத்தில் 17 மில்லிஆம்பியர் அடர்த்திக்கு மொத்தம் ஓடுவது 4.25 மில்லிஆம்பியர்; இழப்பு 0.04 வோல்ட். 2 சென்டிமீட்டர் சதுரத்தில் மொத்தம் 68 மில்லிஆம்பியர், இழப்பு 0.68 வோல்ட். செல் தரும் மின்னழுத்தம் கிட்டத்தட்ட முழுவதும் கண்ணாடியிலேயே தீர்ந்துபோகிறது.

பரப்பு வேண்டுமென்றால் 5 முதல் 8 மில்லிமீட்டர் அகலமுள்ள நீளப் பட்டைகளாகப் பிரித்து, நீளவாக்கு விளிம்பு முழுவதும் மின்னோட்டத்தை எடுங்கள். பட்டைகளுக்கு நடுவே வெள்ளிக் கோடு போடலாம். ஆனால் அயோடின் வெள்ளியைச் சில நாளில் அரித்து வெள்ளி அயோடைடாக்கிவிடும். ஆகவே கோட்டின்மேல் கண்ணாடிப் பூச்சோ சர்லின் (சூட்டில் உருகி ஒட்டும் பிளாஸ்டிக்) பட்டையோ முழுமையாக மூடியிருக்க வேண்டும். சதுரத்துக்கு 7 ஓம் கண்ணாடி வாங்குவதும் உதவும். ஆனால் அதில் பூச்சு தடிமன், ஒளி சற்றுக் குறைவாகவே புகும்.

மாஸ்க் இல்லாமல் அளந்தால் 9 வருகிறது, மாஸ்க் போட்டால் 6.5. எதைக் கட்டுரையில் எழுதுவது?

6.5. கண்ணாடியின் ஓரங்களிலும் சர்லின் சட்டத்திலும் விழும் ஒளி உள்ளே சிதறி வந்து படலத்தைச் சேர்கிறது. கால் சதுர சென்டிமீட்டர் செல்லில் ஓரம் பெரிய பங்கு என்பதால் இந்த ஏமாற்று இவ்வளவு பெரிதாகத் தெரிகிறது. கறுப்பு உலோகத் தகட்டில் அளந்து வெட்டிய துளையைக் கண்ணாடியோடு ஒட்டி வையுங்கள். கணக்கில் துளையின் பரப்பை எடுங்கள். துளை படலத்தைவிடச் சிறியதாக இருந்தால் மின்னழுத்தம் கொஞ்சம் குறைந்து தெரியும். ஒளி படாத பகுதியும் இருள் மின்னோட்டத்தைக் கூட்டுவதே காரணம்.

இன்னும் இரண்டு. இந்த செல் மெதுவாகப் பதிலளிப்பது. சிலிக்கானுக்கு வைத்த வேகத்திலேயே மின்னழுத்தத்தை ஓட்டினால் வளைகோடு பொய் சொல்லும். இரு திசையிலும் ஓட்டிப் பாருங்கள், இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று படியும்வரை வேகத்தைக் குறையுங்கள். அடுத்து, ஒவ்வொரு அலைநீளத்திலும் விழும் ஒளித்துகள்களில் எத்தனை பங்கு எலக்ட்ரானாகிறது என்று காட்டும் ஐபிசிஇ வளைகோட்டைச் சூரிய நிறமாலையோடு பெருக்கிக் கூட்டிக் கிடைக்கும் மின்னோட்டம், சிமுலேட்டரில் (செயற்கைச் சூரிய விளக்கில்) அளந்ததோடு 5 முதல் 10 சதவீதத்துக்குள் ஒத்துவர வேண்டும். 10 காட்டும் ஐபிசிஇயும் 16 காட்டும் சிமுலேட்டரும் ஒரே அட்டவணையில் இருந்தால், விளக்கை அளவு திருத்தவில்லை என்று அர்த்தம்.

கிராஃபீன் கலந்தால், வெள்ளி நானோதுகள் கலந்தால் 40 சதவீதம் உயர்வு என்று எத்தனையோ கட்டுரைகள் இருக்கின்றனவே. நம்பலாமா?

ஒப்பீட்டுக்கு வைத்த சாதாரண செல் எவ்வளவு தந்தது என்று முதலில் பாருங்கள். 3 சதவீதம் 4.2 ஆனது என்றால் 40 சதவீத உயர்வுதான். ஆனால் டெட்ராகுளோரைடு குளியலும் சிதறல் அடுக்கும் சேர்த்திருந்தால் எந்தக் கிராஃபீனும் இல்லாமல் அந்த 3 அதைவிட மேலே போயிருக்கும். 8 சதவீத செல்லை 9 ஆக்கியதாகக் காட்டும் கட்டுரைக்கே எடை அதிகம். ஒவ்வொரு வகையிலும் நான்கு முதல் ஆறு செல்கள், சராசரியும் திட்டவிலக்கமும் கொடுத்திருக்கிறார்களா என்பதும் முக்கியம். கைவேலையில் செல்லுக்குச் செல் அரை சதவீதம் மாறுவது சாதாரணம். ஒரே ஒரு சிறந்த செல்லை மட்டும் காட்டும் ஒப்பீட்டை நாங்கள் பொருட்படுத்துவதில்லை.

அயோடைடை எடுத்துவிட்டு கோபால்ட் அல்லது காப்பர் ஊற்றினால் மின்னழுத்தம் ஏறும் என்று படித்தேன். ஊற்றிப் பார்த்தால் 1 சதவீதத்துக்குக் கீழே போய்விட்டது.

என்719 செல்லில் ஊற்றியிருப்பீர்கள். கோட்பாடு சரி. ஹைட்ரஜன் மின்முனையை ஒப்பிட்டு என்719இன் ஆக்சிஜனேற்ற அழுத்தம் சுமார் 1.1 வோல்ட், அயோடைடு ஜோடியுடையது சுமார் 0.35. நடுவில் உள்ள 0.75 வோல்ட், சாயத்தை மீட்க மட்டுமே வீணாகிறது. கோபால்ட் ட்ரிஸ்பைபிரிடின் 0.56, டெட்ராமீதைல்பைபிரிடின் இணைந்த காப்பர் 0.87 வோல்ட்டில் இருப்பதால் அந்த வீணில் ஒரு பகுதி வெளிச்சுற்றுக்குக் கிடைக்கும். காப்பரில் 1 வோல்ட்டுக்கு மேலேயே எடுத்திருக்கிறார்கள்.

ஆனால் இந்தக் கூட்டயனிகளுக்கு எலக்ட்ரான் தவறிப் பாய்வது வேகம். அதைத் தடுக்க, நீண்ட ஆல்காக்ஸி வால்கள் கொண்டு ஆக்சைடை மறைக்கும் ஒய்123, டி35 போன்ற கரிமச் சாயங்கள் வேண்டும். என்719க்கு அந்தக் குடை இல்லை. அயனிகள் பருமனானவை என்பதால் மெதுவாக நகரும். எனவே படலம் 5 முதல் 7 மைக்ரான், துளைகள் பெரிது, இடைவெளி குறைவு. மெல்லிய படலத்திலும் ஒளியைப் பிடிக்க, உறிஞ்சும் திறன் அதிகமான சாயம். பிளாக்கிங் லேயர் கட்டாயம் என்பதை ஏற்கெனவே சொன்னோம். பிளாட்டினத்தைவிடப் பீடாட் என்ற கடத்தும் பாலிமர் மின்முனை பொருத்தமானது. காப்பரில் டிபிபி காப்பர்(II) அயனியோடு இணைந்து வேதியியலையே மாற்றும் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள். ஆக, எலக்ட்ரோலைட்டை மாற்றினால் செல் முழுவதையும் மாற்றியாக வேண்டும். அப்படி மொத்தமாக மாற்றியவர்கள்தான் 2011இல் கோபால்ட்டில் 12.3 சதவீதமும், 2022இல் இரண்டு சாயங்களைச் சேர்த்துக் காப்பரில் 15.2 சதவீதமும் எடுத்தார்கள்.

முதல் நாள் 7, ஒரு வாரத்தில் 3. என்ன செய்வது?

செல்லைத் தூக்கி வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். உள்ளே குமிழி தெரிந்தால் அசிட்டோநைட்ரைல் தப்பிக்கிறது. அதன் கொதிநிலை 82 டிகிரிதான். கசிவு பெரும்பாலும் நிரப்பிய துளை வழியாகத்தான். துளையைச் சுற்றி எலக்ட்ரோலைட் ஈரம் இருக்கும்போதே மூடினால் சர்லின் ஒட்டாது. அசிட்டோன் தோய்த்த பஞ்சால் துடைத்து, உலரவிட்டு, சர்லின் துண்டும் மெல்லிய கண்ணாடித் துண்டும் வைத்துச் சூடான இரும்பால் அழுத்துங்கள். குமிழி இல்லை, ஆனால் எலக்ட்ரோலைட்டின் மஞ்சள் நிறம் வெளுத்திருக்கிறது என்றால் ட்ரைஅயோடைடு தீர்ந்துகொண்டிருக்கிறது. புறஊதாக் கதிரும் உள்ளே புகுந்த ஈரமும் முதல் சந்தேக நபர்கள். 400 நானோமீட்டருக்குக் கீழே வெட்டும் ஃபில்ம் ஒட்டிப் பாருங்கள்.

நீண்டநாள் வைத்திருக்க வேண்டிய செல்லில் அசிட்டோநைட்ரைலுக்குப் பதில் 3-மெதாக்ஸிப்ரோப்பியோநைட்ரைல். கொதிநிலை 160 டிகிரிக்கு மேல். பிசுபிசுப்பு கூடுவதால் ஒன்றிரண்டு சதவீதம் செயல்திறனை இழப்பீர்கள். அயோடினைச் சற்றுக் கூட்ட வேண்டிய இடம் இதுதான். இரண்டையும் ஒரே செல்லில் கேட்காதீர்கள். சாதனை எண்ணுக்கு ஒரு கலவை, ஆயுள் சோதனைக்கு வேறு கலவை என்றுதான் எல்லா ஆய்வகங்களிலும் வைத்திருக்கிறார்கள்.

வீட்டு விளக்கு வெளிச்சத்தில் 30 சதவீதம் என்கிறார்கள். வெயிலில் 8 தரும் என் செல் அறைக்குள் 30 தருமா?

தானாகத் தராது. எல்ஈடி ஒளியில் அகச்சிவப்பு இல்லை. கிட்டத்தட்ட எல்லாமே 400 முதல் 700 நானோமீட்டருக்குள், சாயம் பிடிக்கக்கூடிய எல்லையில் இருக்கிறது. அதனால் சதவீதம் ஏறுகிறது. 2017இல் காப்பர் எலக்ட்ரோலைட்டில் 1000 லக்ஸில் 28.9 சதவீதம் காட்டினார்கள். ஆனால் 1000 லக்ஸ் என்பது சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 0.3 மில்லிவாட் மட்டுமே. 10 சதுர சென்டிமீட்டர் செல் 30 சதவீதத்தில் தருவது ஒரு மில்லிவாட்டுக்குச் சற்றுக் குறைவு. சென்சார், ரிமோட், மின்தாள் விலைப்பட்டை போன்றவற்றுக்கு அது போதும்.

வடிவமைப்பில் முன்னுரிமைகள் தலைகீழாகும். மின்னோட்டம் மைக்ரோஆம்பியரில் இருப்பதால் பெரிய செல் பற்றிய பதிலில் சொன்ன கண்ணாடித் தடை பொருட்டே இல்லை. வெயிலில் கண்ணுக்குத் தெரியாத சிறு கசிவு இங்கே மின்னழுத்தத்தையே விழுங்கும். ஆகவே பிளாக்கிங் லேயர் அயோடைடு செல்லுக்கும் தேவை. படலம் மெல்லியதாக இருக்கலாம், அயோடினையும் 0.03 மோலாரிலிருந்து குறைக்கலாம். ஏற்றிச்செல்ல வேண்டிய மின்னோட்டமே கொஞ்சம்தான். அளக்கும்போது லக்ஸ் மீட்டரை மட்டும் நம்பாதீர்கள். அது மனிதக் கண்ணுக்கு ஏற்ப எடையிட்ட எண். அதே விளக்கின் நிறமாலையை அளந்து வாட்டாக மாற்றினால்தான் சதவீதம் கணக்கிட முடியும். மேசையைக் கறுப்புத் துணியால் மூடுங்கள். சுவரிலும் வெள்ளைக் கோட்டிலும் பட்டுத் திரும்பும் ஒளி இந்த அளவில் எளிதாக எண்ணைக் கூட்டிக் காட்டிவிடும்.